புல்மேடு வழியில் சபரிமலை: இறக்கத்தில்தான் தவறுகிறார்கள்

குமுளி, வண்டிப்பெரியாறு எஸ்டேட் தமிழர்களுக்கும் கம்பம், தேனிச் சாமிமார்களுக்கும் பழகிய காட்டுவழி இது. வண்டிப்பெரியாறு அருகே சத்திரம் என்ற ஊரில் தொடங்கி சீதக்குளம், உப்புப்பாறை, புல்மேடு, கழுதைக்குழி என்று சன்னிதானம் வரை சுமார் 12 கி.மீ. எருமேலியிலிருந்து போகும் பெரிய பாதையைவிட மிகவும் குறைவு, கரிமலை ஏற்றமும் கிடையாது. அதனாலேயே "லேசான வழி" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. அதை நம்பி வருகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

புல்மேடு வரை ஏறிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் முழங்காலுக்குச் சோதனை அதற்குப் பிறகுதான். கழுதைக்குழிப் பக்கம் செங்குத்தான இறக்கம். வேரும் உருண்டைக் கல்லும் நிறைந்த பாதை. மழை பெய்தால் சேறு. எட்டி எட்டிக் கால் வைத்தாலும் ஓடி இறங்கினாலும் உடல் எடை முழுவதும் முழங்காலில் விழும். தொடைகள் நடுங்கத் தொடங்கியதும் கால் வழுக்கும். முழங்காலைச் சற்று மடக்கி, சின்ன அடியாக, செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் கால் வைத்து இறங்குங்கள். ஒரு கை இருமுடிக்கு, மறு கை தடிக்கு. கூடவே ஒரு பையையும் கையில் தூக்கினால் தடி பிடிக்கக் கையே இருக்காது. இருமுடியின் பின்பக்கக் கட்டான பின்முடியில் துணியும் பலகாரமும் திணிப்பதும் இதே வம்புதான்: தலைப்பாரம் கூடினால் கழுத்து விறைக்கும், குனிந்து காலடியைப் பார்க்க முடியாது.

பயிற்சியை மாலை போட்ட நாளிலேயே தொடங்க வேண்டும். 41 நாள் விரதம் இதற்கும் உதவும். தினமும் வெறுங்காலில் ஒரு கிலோமீட்டரில் ஆரம்பித்து ஐந்து வரை கூட்டுங்கள். படிக்கட்டு ஏறுவதோடு இறங்கியும் பழகுங்கள். உள்ளங்கால் தோல் ஒரே நாளில் உரம் ஏறாது.

மாலை போட்டதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. இது உயிரோடு விளையாடுவது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒருபொழுது இருந்துகொண்டு வழக்கமான அளவு இன்சுலின் போட்டால் நடுக்காட்டில் சர்க்கரை இறங்கிவிடும். கிளம்பும் முன் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினாலோ இடது கை வலித்தாலோ அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும்; பெரும்பாலான இடங்களில் செல்போன் எடுக்காது என்பதால் தனியாக நடக்கவே கூடாது.

இது பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடு. காலையில் வனக்காவலர்கள் பாதையைப் பார்த்த பிறகே ஆட்களை விடுவார்கள். மதியத்துக்குப் பின் சத்திரத்தில் அனுமதி நின்றுவிடும். நேரம் சீசனுக்குச் சீசன் மாறும், கேட்டுக்கொண்டு வாருங்கள். கூட்டம் மிகுந்த நாட்களில் கம்பத்திலேயே வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதால் சுற்றி வருவதற்குள் வாசல் மூடிவிடும். முந்தின இரவே வண்டிப்பெரியாறு வந்து தங்குவதே நல்லது. குறுக்குவழி, யானையைப் படம் எடுப்பது, மிச்சச் சோற்றைக் கொட்டுவது எதுவும் வேண்டாம். காய்ந்த புல்லில் கற்பூரம் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கார்த்திகையில் பிற்பகல் மழையும் மூடுபனியும் சாதாரணம். அட்டை கடித்தால் பிய்க்காமல் உப்பு வையுங்கள்.

நேரக் கணக்கிலும் தவறு நடக்கிறது. காலையில் கிளம்பினால் சன்னிதானம் சேரப் பிற்பகல் ஆகிவிடும். நெய்யபிஷேகமோ முற்பகலோடு முடிந்துவிடும். ஆகவே இரவு தங்கத் தயாராக வர வேண்டும். பம்பையில் குளித்துவிட்டு மலையேறலாம் என்ற எண்ணமும் இங்கே நடக்காது. இந்த வழி பம்பையைத் தொடாமல் நேராகச் சன்னிதானத்துக்குப் போகிறது. வண்டியைச் சத்திரத்தில் விட்டுவிட்டுப் பம்பைப் பக்கம் இறங்கினால் எருமேலி, முண்டக்கயம் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் பிடித்து வர வேண்டும். வண்டியோடு ஓட்டுநர் இருந்தால் அவரைப் பம்பைப் பக்கம் வரச் சொல்லுங்கள்.

மகரஜோதி பார்க்கப் புல்மேட்டில் நிற்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 ஜனவரி 14 அன்று இரவு ஜோதி பார்த்துத் திரும்பிய கூட்டம் இருட்டில் நெருக்கியடித்ததில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் நம் தமிழ்நாட்டுச் சாமிகள். ஜோதி தெரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியதுதான் ஆபத்தானது. குழந்தைகளையும் வயதானவர்களையும் நடுவில் வைத்து உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், டார்ச் கையில் இருக்கட்டும், முன்னால் கூட்டம் கலைந்த பிறகு எழுந்திருங்கள்.