கரி கிரில்: அடுத்த சமையலுக்கு முன் செய்ய வேண்டியவை

கரி கிரிலைக் கெடுப்பது நெருப்பை விடச் சாம்பல்தான். சாம்பல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு காரச் சேறாக மாறி, அடித்தகட்டை அரிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அள்ளிவிடுங்கள். ஆனால் அன்று இரவே வேண்டாம். மேலே வெளுத்துக் கிடந்தாலும் உள்ளே கங்கு ஒரு நாள்கூட உயிரோடு இருக்கும். மறுநாள் அள்ளி, மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி வேண்டவே வேண்டாம்.

கம்பித்தட்டைச் சூட்டோடு தேய்த்தால்தான் கறை விடும். கரியைப் பற்றவைத்து 10 முதல் 15 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, நீண்ட இடுக்கியில் பிடித்துத் தேய்த்தால் போதும். கம்பி பிரஷ் என்றால் எச்சரிக்கை: உதிரும் மெல்லிய கம்பி இறைச்சியில் ஒட்டித் தொண்டையிலோ குடலிலோ குத்தியிருக்கிறது. பிரஷ் பழசானால் தூக்கிப் போடுங்கள்.

தேய்த்ததும் துணியில் ஒரு தேக்கரண்டி ரீஃபைண்ட் கடலை எண்ணெய் தொட்டு, இடுக்கியால் பிடித்து மெல்லிய படலமாகத் துடையுங்கள். அதிகமானால் பிசுபிசுவென்று உறையும். வார்ப்பிரும்புத் தட்டைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் துருதான் மிச்சம்.

மூடியின் உட்புறம் கருப்புச் செதில் உரிகிறதா? பெரும்பாலும் அது பெயின்ட் அல்ல, புகையும் கொழுப்பும் இறுகிய கரி. சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மீன்மேல் உதிரும். நன்றாக ஆறிய பிறகே உறை போடுங்கள்.