வெளிநாட்டில் இருந்து இலங்கைப் பொதுத்தேர்தல் முடிவுகளைப் பின்தொடர

2024 வரை நடந்த தேர்தல்களில் வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க இலங்கையில் ஏற்பாடு இருக்கவில்லை. தபால் வாக்கு என்பது உள்ளூரில் கடமையில் இருக்கும் அரச ஊழியர், பொலிஸ், படையினர் போன்றோருக்கு உரியது. ஆக, புலம்பெயர்ந்தவர் செய்யக்கூடியது முடிவுகளை ஒழுங்காக வாசிப்பதுதான். அதிலும் பலர் நாடளாவிய சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்து ஏமாந்து போகிறார்கள். 225 ஆசனங்களில் 196 ஆசனங்கள் 22 தேர்தல் மாவட்டங்களில் தனித்தனிக் கணக்காகத் தீர்கின்றன. உங்கள் மாவட்டத்துக் கணக்கை நீங்களே போடப் பழகினால், ஆசன அறிவிப்பு வரும்வரை விழித்திருக்கத் தேவையில்லை.

முதலில் நேரம். 2024 நவம்பர் 14இல் வாக்களிப்பு காலை 7 முதல் பிற்பகல் 4 வரை. முதல் முடிவுகள் இலங்கை நேரம் இரவு 10 மணியளவில் வரத் தொடங்கின. நவம்பரில் அது ரொறன்ரோவில் முற்பகல் 11.30, லண்டனில் மாலை 4.30, பாரிஸிலும் சூரிச்சிலும் மாலை 5.30, மெல்பேர்னில் மறுநாள் அதிகாலை 3.30. கோடைகாலத் தேர்தல் என்றால் கனடா, ஐரோப்பா நேரங்களில் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். மெல்பேர்னில் ஒரு மணித்தியாலத்தைக் கழியுங்கள். நள்ளிரவுக்குப் பிறகுதான் தொகுதி (தேர்தல் மாவட்டத்தின் உட்பிரிவு) முடிவுகள் மளமளவென்று வரும். ரொறன்ரோக்காரர் மத்தியானத்தோடு உட்கார்ந்தால் போதும். மெல்பேர்ன்காரர் நித்திரை கொண்டு எழும்பிப் பார்ப்பதே புத்தி.

முன்னேற்பாடாக எக்ஸெல்லிலோ கொப்பியிலோ ஓர் அட்டவணை போடுங்கள். வரிசைகளில் தொகுதிகளின் பெயர்கள், நிரல்களில் கட்சிகள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்றால் ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று 11. அதோடு தபால் வாக்குக்கு ஒரு வரிசை. கிளிநொச்சி தனி நிர்வாக மாவட்டமாக இருந்தாலும் தேர்தலில் யாழ்ப்பாணத்தோடுதான். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னி. கல்முனையைத் தேடுகிறவர்கள் திகாமடுல்லவில் பார்க்கவேண்டும்; அம்பாறை என்ற பெயரில் தேர்தல் மாவட்டம் கிடையாது. ஆசன எண்ணிக்கையை ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாகச் சரிபாருங்கள்: யாழ்ப்பாணத்துக்கு 2020இல் 7, 2024இல் 6. பழைய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் முழுவதும் பிழைத்துவிடும்.

கணக்கு இதுதான். மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்தை எட்டாத அணிகளை முதலில் வெட்டுங்கள். அதிக வாக்குப் பெற்ற அணிக்கு ஒரு போனஸ் ஆசனம். வெட்டுப்படாத எல்லா அணிகளின் வாக்குகளையும் (முதலிடம் உட்பட) கூட்டி, மொத்த ஆசனத்தில் ஒன்று குறைத்து வகுங்கள். வரும் எண் ஓர் ஆசனத்தின் விலை. அது எத்தனை தடவை அடங்குகிறதோ அத்தனை ஆசனம்; மீதி ஆசனங்கள் எஞ்சிய வாக்கு கூடியவர்களுக்கு வரிசையாகப் போகும்.

2024 யாழ்ப்பாணத்தை எடுங்கள். தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக்குழு 17க்கு 27,855. 5 சதவீதத்தைத் தாண்டிய எல்லோருடைய வாக்கும் சேர்ந்து ஏறக்குறைய 240,000. ஐந்தால் வகுத்தால் 48,000 சொச்சம். தேசிய மக்கள் சக்திக்கும் தமிழரசுக்கும் முழுதாக ஒவ்வொன்று. எஞ்சியது முன்னவருக்கு 32,000க்கு மேல், பின்னவருக்கு 15,000 அளவில். மிச்ச மூன்று ஆசனங்களும் தேசிய மக்கள் சக்தி, காங்கிரஸ், சுயேச்சைக்குழு என்று போயின. போனஸையும் சேர்த்தால் கால்வாசி வாக்குக்கு மூன்று ஆசனம். 63,000 வாக்குக்கு ஒன்றே ஒன்று. வாக்குச் சிதறல் என்று மேடையில் சொல்லப்படுவதன் எண்கணிதம் இதுதான்.

தபால் வாக்கு முடிவு பெரும்பாலும் முந்தி வரும். அதை வைத்து ஆரூடம் சொல்லாதீர்கள். அரச ஊழியர்களின் சாய்வும் ஊரின் சாய்வும் ஒன்றல்ல. சுயேச்சைக்குழு எண்களும் குழப்பும். அவை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. யாழ்ப்பாணத்து 17க்கும் மட்டக்களப்பு 17க்கும் தொடர்பு இல்லை.

வட்ஸ்அப்பில் வரும் முடிவுப் படங்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு: செல்லுபடியான வாக்கும் நிராகரிக்கப்பட்ட வாக்கும் சேர்ந்தால் அளிக்கப்பட்ட மொத்த வாக்கு வரவேண்டும். நிராகரிக்கப்பட்ட வாக்குகளே இல்லாத படம், அல்லது பிற்பகல் 4 மணிக்கு முன் வந்த படம் என்றால் அழித்துவிடலாம். கூட்டல் சரியாக இருந்தாலும் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அதே தொகுதி வந்த பிறகே அட்டவணையில் ஏற்றுங்கள். தளம் நெரிசலில் திணறினால் பொறுத்திருங்கள், முடிவு ஓடிப்போகாது.

ஆசனம் தெரிந்தாலும் ஆள் யார் என்று உடனே தெரியாது. வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி போட்டபின் மூன்று வேட்பாளர்கள் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். யாழ்ப்பாணத்தில் 2024இல் ஒரு பட்டியலில் 9 பேர், அதாவது ஆசன எண்ணிக்கையோடு மூன்று. இந்த விருப்பு வாக்குகள் எண்ணிக் கடைசியில்தான் வரும். அதற்கு முன் ‘வென்றுவிட்டார்’ என்று பரவும் வாழ்த்துப் படங்கள் ஆதரவாளர்களின் ஆசை மட்டுமே.

225இல் மீதி 29 ஆசனங்கள் தேசியப் பட்டியலுக்கு, அதாவது கட்சிகளே ஆட்களை நியமிப்பவை; அவை நாடு முழுவதற்குமான வாக்கு விகிதப்படி பிரியும். எத்தனை என்பது மறுநாளே தெரியும். யாருக்கு என்பதைச் சில கட்சிகள் வாரக்கணக்கில் இழுக்கும். 2020 தேர்தலில் கிடைத்த ஓர் ஆசனம் 2021 ஜனவரியில்தான் நிரம்பியது.

ஜனாதிபதித் தேர்தலுக்கு இந்த அட்டவணை உதவாது. அங்கே நாடு முழுவதும் ஒரே தொகுதி. செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் வேண்டும். ஒருவருக்கும் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களின் வாக்குச்சீட்டுகளில் மட்டும் வாக்காளர் 2, 3 என்று குறித்த அடுத்த விருப்பங்கள் எண்ணப்படும். 2024 செப்டெம்பரில் முதன்முறையாக அப்படி நடந்தது. 21ஆம் திகதி வாக்களிப்பு, 22ஆம் திகதி மாலையில் இறுதி முடிவு. இரண்டாம் நாளுக்கும் நேரம் ஒதுக்கி வையுங்கள்.