குழந்தைகள் காப்பகத்தில் பல் அடிபட்டால்: முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவையும் உடனே செய்ய வேண்டியவையும்

அங்கன்வாடியிலோ தனியார் காப்பகத்திலோ ஒரு குழந்தை விழுந்து பல் கழன்று வந்துவிட்டால், அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதை ஒரே ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது: விழுந்தது பால் பல்லா, நிரந்தரப் பல்லா? பால் பல்லை மீண்டும் பொருத்தவே கூடாது. அதற்கு மேலோ கீழோ எலும்புக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் முளையை அது சேதப்படுத்தக்கூடும். நிரந்தரப் பல்லையோ சில நிமிடங்களுக்குள் அதன் குழியிலேயே திரும்பப் பொருத்த வேண்டும். நாள் முழுவதும் மூன்று வயதுக் குழந்தைகளையும், பள்ளி விட்டபின் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களில் இந்த இரண்டு நிலைமைகளும் எந்த நாளிலும் வரலாம்.

பதற்றமான நேரத்தில், ரத்தம் நிறைந்த வாயைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே முதலுதவிப் பெட்டிக்கும் முன்னதாகத் தயாராக வேண்டியது ஒரு பதிவேடுதான் என்பது என் உறுதியான கருத்து. பால் பற்கள் இருபதும் ஏறத்தாழ மூன்று வயதுக்குள் முளைத்துவிடும். கீழ் முன்பற்கள் ஆறு வயதையொட்டியும், மேல் முன்பற்கள் ஏழு, எட்டு வயதிலும் விழுந்து முளைக்கும். ஐந்து வயதைக் கடந்த ஒவ்வொரு குழந்தைக்கும் எந்த முன்பற்கள் மாறியுள்ளன என்பதைப் பெற்றோரிடம் கேட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை திருத்தி எழுதுங்கள். புதிதாக முளைத்த நிரந்தர முன்பல் பால் பல்லைவிட அகலமாகவும் சற்று மஞ்சளாகவும் இருக்கும். அதன் விளிம்பு ரம்பத்தைப் போல் சிறு மேடுகளுடன் காணப்படும். இதய நோய், நோய் எதிர்ப்புக் குறைபாடு, வலிப்பு ஆகியவை உள்ள குழந்தைகளுக்குப் பல்லைப் பொருத்துவது பற்றி மருத்துவரே முடிவு செய்ய வேண்டும் என்பதால், அந்த விவரமும், அவசரத்தில் பல்லைப் பொருத்தப் பெற்றோர் தரும் எழுத்துப்பூர்வமான சம்மதமும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

பெட்டியில் கையுறை, தூய காஸ் துணி, சிறிய டார்ச், மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் பாட்டில், இறுக்கமாக மூடக்கூடிய சிறு டப்பா ஆகியவை போதும். அவற்றோடு, குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாத அட்டைப்பெட்டிப் பால் ஒன்றை, சர்க்கரையும் சுவையும் சேர்க்காததாக வாங்கி, காலாவதி நாளைப் பார்த்து வையுங்கள். அருகிலுள்ள பல் மருத்துவரின் எண்ணையும், பல் மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனை எது என்பதையும் சுவரில் ஒட்டுங்கள்.

அடிபட்டவுடன் முதலில் பார்க்க வேண்டியது பல்லை அல்ல, தலையை. குழந்தை மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, 108-ஐ அழைப்பதே முதல் வேலை. அப்படி எதுவும் இல்லையென்றால், குழந்தையை முன்புறம் சற்றுக் குனியவைத்து, காஸ் துணியால் ரத்தம் வரும் இடத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய தசை கிழிந்தால் ரத்தம் மிகுதியாக வந்து அச்சமூட்டும். ஆனால் அது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். நின்றுவிட்டதா என்று உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால்தான் ரத்தம் மீண்டும் வரும்.

விழுந்தது நிரந்தரப் பல் என்றால் நேரம் மிக முக்கியம். வேரின் மேல் ஒட்டியிருக்கும் உயிரணுக்களால்தான் பல் மீண்டும் எலும்போடு சேர முடியும். பல் காய்ந்தால் அரைமணி நேரத்துக்குள் அவற்றில் பெரும்பாலானவை இறந்துவிடும். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ சலைனிலோ சில விநாடிகள் அலசுங்கள். தேய்க்கவோ சோப்புப் போடவோ கூடாது. பிறகு பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பின் மாறாமல் குழியில் மெதுவாக அழுத்திப் பொருத்தி, மடித்த துணியைக் கடித்துக்கொள்ளும்படி குழந்தையிடம் சொல்லி, உடனே பல் மருத்துவரிடம் செல்லுங்கள். பொருத்த முடியாவிட்டாலோ துணிவு வராவிட்டாலோ, பாலில் (குளிர்ந்ததானால் இன்னும் நல்லது) பல்லைப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பால் இல்லையென்றால் குழந்தையின் எச்சிலையே டப்பாவில் துப்பச் செய்து அதில் போடலாம். தண்ணீர் கடைசி வழி. கைக்குட்டையில் சுற்றிக் காயவிடுவது எல்லாவற்றையும்விடக் கெடுதல். விழுந்த பல்லைக் கூரைமேல் எறியும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருப்பதால், உதவியாளர்களிடம் இதைத் தனியே சொல்லிவைப்பது நல்லது.

பால் பல் உள்ளே புதைந்துவிட்டால் இழுக்க வேண்டாம். பல நேரங்களில் அது சில மாதங்களில் தானே கீழிறங்கும். பல்லைக் காணவில்லையென்றால் அது ஈறுக்குள் புதைந்திருக்கலாம், உதட்டுக்குள் சிக்கியிருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள்ளும் போயிருக்கலாம்; இருமலோ மூச்சிரைப்போ தெரிந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உடைந்த துண்டு கிடைத்தால் சலைனில் போட்டு அனுப்புங்கள். நிரந்தரப் பல்லின் துண்டைத் திரும்ப ஒட்ட முடிவதுண்டு. காயத்தின்மேல் காபித்தூள், மஞ்சள்தூள், கிராம்பு எண்ணெய் எதுவும் வைக்க வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

பெற்றோரிடம் குழந்தையை ஒப்படைக்கும்போது, எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி விழுந்தது, பல் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்பதை எழுதிக் கொடுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். தரையில் விழுந்த காயமென்றால் டெட்டனஸ் தடுப்பூசி விவரமும் தேவைப்படும். ஒரு வாரமாவது குழைந்த சோறு, இட்லி, கஞ்சி போன்ற மென்மையான உணவே கொடுக்க வேண்டும். அடிபட்ட பால் பல் சில வாரங்களில் சாம்பல் நிறமானால் அது மட்டுமே ஆபத்தின் அறிகுறி அல்ல. ஈறில் சிறு கொப்புளமோ வீக்கமோ வந்தால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பால் பல்லில் பட்ட அடியின் விளைவு, பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல்லில் வெண்மையான அல்லது பழுப்பு நிறப் புள்ளியாகச் சில ஆண்டுகள் கழித்தும் தெரியலாம் என்பதால், அந்தக் குறிப்பைக் குழந்தையின் மற்ற மருத்துவச் சீட்டுகளுடன் பத்திரமாக வைக்கும்படி பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.