ஹெட்ஃபோன் ஆம்ப்பில் டியூப் மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஹெட்ஃபோனுக்கென்று வால்வு (அதாவது டியூப்) ஆம்ப் வாங்கியவர், அதோடு வந்த டியூபிலேயே நெடுநாள் நிற்பது அரிது. நல்ல டியூப் போட்டால் சத்தமே மாறிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தேடிப் பார்த்தால் அறுபது வருடப் பழைய மல்லார்ட், டெலிஃபங்கன் கம்பெனி டியூப்கள் விலைச்சீட்டோடு வரிசையாக வந்து நிற்கும். மாற்றிப் பார்ப்பதில் தவறே இல்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் கிடைக்காத வசதி இது: சால்டரிங் அயர்னைத் தொடாமல் ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொன்றைச் செருகலாம். ஆனால் அந்தச் சுலபத்தில்தான் வில்லங்கமும் இருக்கிறது. ஒன்பது பின் உள்ள சிறிய டியூப் எதுவானாலும் ஒன்பது துளை உள்ள சாக்கெட்டில் நுழைந்துவிடும். நுழைந்த பிறகு என்ன நடக்கும் என்பதைச் சாக்கெட் சொல்லாது.

எண்ணைப் படிக்காமல் வாங்குவது

டியூபின் பெயரே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். அமெரிக்க முறையில் முதல் எண், டியூபை உள்ளிருந்து சூடாக்கும் இழையான ஹீட்டரின் வோல்டேஜ்: 6 என்றால் 6.3 வோல்ட், 12 என்றால் 12.6 வோல்ட், 5 என்றால் 5 வோல்ட். ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து அந்த வேலையைச் செய்கிறது: 'ஈ' என்றால் 6.3 வோல்ட், 'ஜி' என்றால் 5 வோல்ட், 'பி' என்றால் வோல்டேஜைச் சொல்லாமல் 300 மில்லி ஆம்பியர் என்று கரன்டைச் சொல்கிறார்கள். அடுத்து வரும் இரண்டு 'சி', உள்ளே இரண்டு டிரையோடுகள் (சிக்னலைப் பெருக்கும் மூன்று முனைப் பகுதிகள்) இருப்பதைக் குறிக்கும். ஆக 6டிஜே8, ஈசிசி88 இரண்டும் ஒரே டியூப். அதே அமைப்பைத் தரம் உயர்த்தி, நீண்ட ஆயுளுக்காகச் செய்ததை ஈ88சிசி என்று எண்ணை நடுவில் போட்டு எழுதுவார்கள். அமெரிக்கப் பெயர் 6922. பிசிசி88 என்பது 7 வோல்ட் ஹீட்டர் உள்ள தம்பி. 6.3 வோல்டில் அதற்குப் பத்து சதவீதம் குறைவாகக் கிடைக்கும், பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். விலையும் குறைவு என்பதால் தெரிந்தே வாங்குகிறவர்கள் உண்டு. தெரியாமல் வாங்குவதுதான் கூடாது.

ஈசிசி83, ஈசிசி85, ஈசிசி88 என்று பக்கத்துப் பக்கத்து எண்களைப் பார்த்து, எல்லாம் ஒரு குடும்பம், மாற்றிப் போடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. ஈசிசி83க்கு, அதாவது 12ஏஎக்ஸ்7க்கு, ஹீட்டர் இரண்டு துண்டுகளாக இருக்கும். 4, 5 எண் பின்களுக்கு இடையே 12.6 வோல்ட் கொடுக்கலாம். அல்லது அந்த இரண்டையும் இணைத்து, ஒன்பதாவது பின்னோடு சேர்த்து 6.3 வோல்ட் கொடுக்கலாம். பழைய ஜெர்மன் எஃப்எம் ரேடியோக்களில் தாராளமாகக் கிடைக்கும் ஈசிசி85 அப்படியல்ல. அதன் ஹீட்டர் முழுவதும் 4, 5 பின்களில்தான். ஒன்பதாவது பின்னில் வெறும் ஷீல்டு. 12.6 வோல்ட் வயரிங் உள்ள சாக்கெட்டில் அதைச் செருகினால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு இரட்டை வோல்டேஜ் போகும். 6.3 வயரிங் என்றால் டியூப் ஒளிரவே ஒளிராது; செத்த டியூபை விற்றுவிட்டான் என்று கடைக்காரரோடு சண்டை போட நேரும்.

ரஷ்ய டியூப்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 6என்1பி, 6என்2பி, 6என்3பி மூன்றும் பெயரில் அண்ணன் தம்பி. ஆனால் 6என்1பி-யின் பின் வரிசை ஈசிசி88 போன்றது. 6என்2பி-க்கு ஈசிசி83 போலக் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உண்டு, ஹீட்டர் இணைப்பு வேறு. 6என்3பி இந்த இரண்டோடும் ஒட்டாது. அது அமெரிக்க 5670 வழி வந்தது, பின் வரிசையே முற்றிலும் வேறு. கண்ணாடியில் ரஷ்ய எழுத்தில் அச்சிட்டிருப்பதால், விற்பவர்கள் பார்த்த மாதிரியே ஆங்கிலத்தில் அடிப்பதும் உண்டு. 6எச்13சி என்று போட்டிருப்பதும் 6என்13எஸ் என்று போட்டிருப்பதும் ஒரே டியூப்தான்.

வாங்கும் முன் டேட்டாஷீட்டில் பின் வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். எல்லாப் பழைய டியூப்களுக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஹீட்டர் கரன்டை மறப்பது

பின் பொருந்தி, வோல்டேஜும் பொருந்திவிட்டால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். கரன்டைப் பார்ப்பவர் குறைவு. டியூப் மாற்றுவதில் அதிகம் செலவு வைக்கும் தவறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் இங்கே பலியாவது டியூப் அல்ல, ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர்.

ஈசிசி88 ஒன்று 365 மில்லி ஆம்பியர் எடுக்கும், 6922 எடுப்பது 300. அதே இடத்தில் 6என்1பி போட்டால் 600. இரண்டு டியூப் ஆம்ப் என்றால் முக்கால் ஆம்பியருக்கும் குறைவாக இருந்த சுமை 1.2 ஆம்பியர் ஆகிறது. தயாரிப்பாளர் டிரான்ஸ்ஃபார்மரில் இடம் விட்டிருந்தால் பிரச்சினை இல்லை. விடவில்லை என்றால் அது சூடாகிக்கொண்டே இருக்கும், பாட்டு நன்றாகவே கேட்கும், சில மாதம் கழித்து ஒருநாள் வாசனை வரும். எட்டு பின் டியூப்களில் இதைவிட மோசமான உதாரணம் உண்டு: 6எஸ்என்7க்கும் 6பிஎல்7க்கும் பின் வரிசை ஒன்றேதான், ஆனால் முதலாவது 600 மில்லி ஆம்பியர், இரண்டாவது 1.5 ஆம்பியர். பாஸ் பிரமாதம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 6பிஎல்7 வாங்குவதற்கு முன், உங்கள் ஆம்ப் தயாரித்தவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அடாப்டர் வைத்துப் போடும் டியூப்களுக்கும் இதே கணக்குதான். அடாப்டர் பின் வரிசையைத் திருத்தும், கரன்டைக் குறைக்காது. ஒரு 6எஸ்என்7க்குப் பதிலாக இரண்டு ஒற்றை டிரையோடுகளை நிறுத்தும் அடாப்டர் என்றால் இரண்டின் கரன்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஈசிசி88இன் பிளேட்டுக்கு (உயர் வோல்டேஜ் வாங்கும் உள் தகட்டுக்கு) உச்ச வரம்பு 130 வோல்ட்தான். 6என்1பி 250 வோல்ட் வரை தாங்கும். அதற்கென்றே வடிவமைத்த ஆம்ப்பில், கரன்ட் குறைவாகத்தானே எடுக்கிறது என்று ஈசிசி88 செருகினால் அதன் ஆயுள் சீக்கிரம் முடியலாம்.

சில ஆம்ப்களில் உள் இணைப்பை மாற்றும் சிறு செருகியான ஜம்பர் இருக்கும். லிட்டில் டாட் எம்கே 3இல் ஈஎஃப்95 வகைக்கு ஒரு நிலை, ஈஎஃப்92 வகைக்கு வேறு நிலை. இரண்டுமே ஏழு பின், இரண்டுமே நுழையும், ஆனால் பின் வரிசை வேறு. டியூபை மாற்றிவிட்டு ஜம்பரை மாற்ற மறப்பவர்கள் உண்டு.

ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபையர் டியூப் உள்ள ஆம்ப் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 5யூ4ஜி 3 ஆம்பியர் எடுக்கும், ஜிஇசட்34 1.9 ஆம்பியர். ஒவ்வொன்றும் தன்னிடம் விழவைக்கும் வோல்டேஜ் வேறு, அதனால் மற்ற டியூப்களுக்குப் போகும் வோல்டேஜும் மாறும். தயாரிப்பாளர் கொடுத்த பட்டியலுக்கு வெளியே இங்கே சோதனை வேண்டாம்.

கெயின் அதிகம் என்றால் நல்லது என்று நினைப்பது

12ஏயூ7, 12ஏடி7, 12ஏஎக்ஸ்7 மூன்றுக்கும் பின்னும் ஹீட்டரும் ஒன்று. மாற்றிப் போட்டால் எதுவும் வெடிக்காது. ஆனால் பெருக்கும் அளவு முறையே கிட்டத்தட்ட 17, 60, 100. 12ஏயூ7க்கென்று வடிவமைத்த ஆம்ப்பில் 12ஏஎக்ஸ்7 போட்டவுடன் சத்தம் தூக்கிக்கொண்டு வரும். கேட்பவருக்கு அது உயிரோட்டமாகத் தெரியும். பிறகுதான் தொல்லை: வால்யூம் குமிழை எட்டு மணி நிலைக்கு மேல் திருப்ப முடியாது. சாதாரண வால்யூம் கன்ட்ரோல் அந்த அடிமட்டத்தில் இடதையும் வலதையும் சமமாகக் கொடுப்பதில்லை. பாடகர் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பார். பின்னணியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறும். அதோடு 12ஏஎக்ஸ்7இன் உள் மின்தடை 60 கிலோ ஓமைத் தாண்டும், 12ஏயூ7க்கு 8 கிலோ ஓமுக்குள். அடுத்த கட்டத்தைத் தள்ள வலுவில்லாத இடத்தில் அதைப் போட்டால் மேல் ஸ்தாயி மழுங்கும், டிஸ்டார்ஷன் கூடும். காது கூசாத அளவில் குமிழ் பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையே நின்றால் கெயின் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

டியூபால் தீராத பிரச்சினைக்கு டியூப் வாங்குவது

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் ஆம்ப்கள் ஹெட்ஃபோன் உலகில் பிரபலம். பாட்டில்ஹெட் கிராக், டார்க்வாய்ஸ் 336எஸ்இ போன்றவை 6080 அல்லது 6ஏஎஸ்7ஜி டியூபை வைத்து நேராக ஹெட்ஃபோனை ஓட்டுகின்றன. கிராக்கின் வெளியீட்டு இம்பிடன்ஸ் (ஏசி சிக்னலுக்கான மின்தடை) 120 ஓம் அளவில் இருக்கும். 300 ஓம் சென்ஹைசர் ஹெச்டி 600, ஹெச்டி 650 அதில் மகிழ்ச்சியாகப் பாடும். பாஸில் இம்பிடன்ஸ் மேலேறும் இடத்தில் ஒரு டெசிபெல் போலக் கூடுவது பலருக்குப் பிடித்தும் இருக்கிறது. அதிலேயே 32 ஓம் கிராடோவைச் செருகிவிட்டு, ஏன் சொதசொதவென்று இருக்கிறது என்று டியூப் மாற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 5998 போன்ற வலுவான டியூப் இம்பிடன்ஸைக் கொஞ்சம் இறக்கும், உண்மை. ஆனால் 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு அது போதாது, அதன் இன்றைய விலைக்கு வேறு நல்ல ஆம்ப்பே வாங்கலாம்.

மலிவான ஹைப்ரிட் ஆம்ப்களில் வேறு கதை. உள்ளே வேலை முழுவதையும் ஐசி செய்ய, டியூப் குறைந்த வோல்டேஜில் பேருக்கு நிற்கும். அடியில் ஆரஞ்சு எல்இடி வைத்து டியூப் ஒளிர்வது போலக் காட்டும் மாடல்களும் உண்டு. அத்தகைய ஆம்ப்பில் அரிய டியூப் போட்டு வித்தியாசம் தேடுவது காசுக்குக் கேடு.

பெட்டியையும் பெயரையும் நம்புவது

கண்ணாடி மேல் உள்ள பெயர் யார் விற்றார்கள் என்பதைத்தான் சொல்லும். அந்தக் காலத்திலேயே கம்பெனிகள் ஒருவரிடம் ஒருவர் வாங்கித் தங்கள் பெயரை அச்சிட்டு விற்றன. 'பியூகிள் பாய்' படம் போட்ட ஆம்ப்பரெக்ஸ் டியூப்களில் பல, ஹாலந்தின் ஹேர்லனில் ஃபிலிப்ஸ் ஆலையில் செய்தவை. இது நேர்மையான பெயர் மாற்றம். நேர்மையற்றதும் நடக்கிறது: மலிவான டியூபின் எழுத்தை அழித்துவிட்டு 6922 என்று தங்க எழுத்தில் அடிப்பது. அதனால் உள்ளே இருக்கும் பிளேட்டின் வடிவத்தையும், கண்ணாடியில் பொறித்த ஆலைக் குறியீட்டையும் பாருங்கள். டெலிஃபங்கன் என்றால் பல சிறிய டியூப்களின் அடிக் கண்ணாடியில், பின்களுக்கு நடுவே, வைர வடிவம் அச்சில் பதிந்திருக்கும். மேலே உள்ள வெள்ளிப் பூச்சு வெள்ளையாகிவிட்டால் காற்று புகுந்துவிட்டது, அது குப்பை.

இன்றைய உற்பத்தியை ஒதுக்க வேண்டியதில்லை. மறுபிறவி எடுத்த டங்-சால், மல்லார்ட் பெயர்களில் வருபவை ரஷ்யாவின் சரடோவ் ஆலையிலிருந்து வருகின்றன. பழைய கம்பெனியோடு பெயர் மட்டுமே உறவு. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனாவின் ஸ்வானே இருக்கின்றன. நம் பக்கத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. 'பெல்' என்று அச்சிட்ட ஈசிசி83 இன்றும் விற்பனைக்கு வருகிறது. எங்காவது சோதித்துப் பார்த்து விற்கிறவர் கிடைத்தால் வாங்கலாம்.

சோதித்தது என்றால் எண்களைக் கேளுங்கள். 'மேட்ச்டு' என்பதிலும் இரண்டு வகை. இடது, வலது இரண்டையும் ஒரே டியூப் பார்த்துக்கொள்ளும் ஆம்ப்பில் அந்த ஒரு டியூபின் இரண்டு பாதிகள் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும். சேனலுக்கு ஒன்று என்றால் ஜோடி ஒத்துப்போக வேண்டும். ஒற்றை டியூப் ஆம்ப்புக்கு 'மேட்ச்டு பேர்' வாங்குவதில் பயனில்லை.

கையாளும்போது

ஆம்ப்பை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். 6080 தொட்டால் கை வெந்துவிடும். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, புது டியூபோடு ஆம்ப் சூடாகி நிலைத்த பிறகே மறுபடி செருகுங்கள். ஓடிஎல் ஆம்ப்கள் தொடக்கத்தில் 'டொம்' என்று ஒரு உதை விடும், கெட்ட டியூப் என்றால் இன்னும் பலமாக. எட்டு பின் டியூபைக் கண்ணாடியைப் பிடித்து முறுக்கக் கூடாது, கறுப்பு அடிப்பாகத்தைப் பிடிக்க வேண்டும். ஒன்பது பின் என்றால் நேராக மேலே, மிக லேசாக ஆட்டியபடி. கண்ணாடியில் விரல் பட்டால் டியூப் வெடிக்கும் என்பது ஹாலோஜன் பல்புக்கான பயம், இங்கே வேண்டாம். ஆனால் பழைய அச்செழுத்து துணி பட்டாலே போய்விடும்.

புது டியூப் முதல் சில நாள் கிறீச்சிட்டால் பதற வேண்டாம். ஒரு சேனலில் மட்டும் தொடர்ந்து இரைந்தால் இடது, வலது டியூப்களை இடம் மாற்றுங்கள். இரைச்சலும் கூடவே போனால் டியூப்தான் குற்றவாளி. அதே பக்கம் நின்றால் ஆம்ப்.

ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்தாமல் கேட்பதில் அர்த்தமே இல்லை. அரை டெசிபெல் கூடுதலாக இருப்பதுகூட 'தெளிவாக' இருப்பதாகத்தான் தோன்றும். ஆயிரம் ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் ஹெட்ஃபோன் முனை வோல்டேஜை அளந்து சமன் செய்துவிட்டுக் கேளுங்கள். இப்படிச் செய்தால் விலையுயர்ந்த பல டியூப்களின் வித்தியாசம் சுருங்கிப்போவதைக் கவனிப்பீர்கள். முழுவதும் மறையாது, ஆனால் பணம் கொடுத்தபோது நினைத்த அளவு இருக்காது.

நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. சீனாவிலிருந்து வரும் ஆம்ப்கள் பல 220 வோல்டுக்கு வடிவமைத்தவை. பகலில் 230 இருக்கும் வீட்டில் இரவு லோடு குறைந்ததும் 250 வரை ஏறினால், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7 வோல்டைத் தாண்டிப் போகும். ஹீட்டர் வோல்டேஜ் ஏறி இறங்க அனுமதிக்கும் பத்து சதவீத வரம்பு அங்கேயே போய்விட்டது. 230 அல்லது 240 என்று மாற்றும் சுவிட்ச் பின்னால் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் நல்ல ஸ்டெபிலைசர் வையுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல மல்லார்டின் விலையைவிடக் குறைவுதான்.