படப் புத்தகத்துக்கு விக்கிப்பீடியாவில் பக்கம் தொடங்கலாமா?

வீட்டில் குழந்தை திரும்பத் திரும்பக் கேட்கும் படப் புத்தகத்துக்கு விக்கிப்பீடியாவில் பக்கம் இல்லையே என்று தோன்றுகிறதா? நல்ல ஆசைதான். எழுத உட்காரும் முன் ஒரு மணி நேரம் தேடிப் பாருங்கள். பக்கம் தொடங்க ஒரு தகுதி வேண்டும், அதை விக்கிப்பீடியர்கள் ‘குறிப்பிடத்தக்கமை’ என்பார்கள்: புத்தகத்தோடு தொடர்பில்லாதவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும்.

படி 1: விமர்சனங்களைத் தேடுங்கள்

குறைந்தது இரண்டு வேண்டும். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம்தான். அதனால் விமர்சனமும் சுருங்கிவிடும். "படங்கள் அழகு, ஐந்து வயதுக்கு ஏற்றது" என்று இருபது புத்தகங்களுக்கு நடுவே வரும் ஒற்றை வரி போதாது. ஓவியர் ஏன் இந்த நிறத்தை எடுத்தார், சொல்லே இல்லாத பக்கத்தில் கதை எப்படி நகர்கிறது என்று நாலு பத்தி பேசியிருந்தால் அது சான்று. பதிப்பகத்தின் அறிமுகக் குறிப்பு, விற்பனைத் தளத்தின் நட்சத்திரங்கள், ஆசிரியரின் சொந்தப் பதிவு எதுவும் கணக்கில் வராது. புத்தகங்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இருந்தால் புத்தகம் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவே.

இணையத்தில் கிடைக்கவில்லையா? நூலகத்துக்குப் போங்கள். அச்சிதழில் வந்த விமர்சனமும் செல்லும். இதழின் பெயர், மாதம், பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சிறார் நூல்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

படி 2: விருதும் தாக்கமும்

எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோவி டே’யைப் பாருங்கள். சிவப்பு உடையில் பனியில் விளையாடும் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவனின் கதை. வெளிவந்தது 1962, மறு ஆண்டே அமெரிக்கப் படப் புத்தகங்களுக்கான கால்டிகாட் பதக்கம் பெற்றது. 2017-இல் அஞ்சல் தலையாக வந்தது. தன் 125 ஆண்டு வரலாற்றில் மிக அதிகமாக இரவல் போன புத்தகம் இதுதான் என்று நியூயார்க் பொது நூலகம் 2020-இல் அறிவித்தது: 4,85,583 முறை! இப்படி ஒரு பெரிய விருது இருந்தாலே வழி திறந்துவிடும்.

படி 3: சான்று போதவில்லை என்றால்

சரி, தனிப் பக்கம் வேண்டாம். எழுத்தாளருக்கு ஏற்கெனவே பக்கம் இருந்தால், அதில் புத்தகத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்து, புத்தகத்தின் பெயரைத் தேடுபவர் அங்கே வந்து சேரும்படி தலைப்பை வழிமாற்றிவிடுங்கள். அப்புறம், ஓவியரின் பெயரை விட்டுவிடாதீர்கள். படப் புத்தகத்தில் பாதிக் கதை அவர் சொன்னது.