கதையா, நூறு சதவீதமா? விஷுவல் நாவலில் எங்கே சறுக்குகிறோம்

இரண்டு மணி நேரத்தில் முடிகிற விஷுவல் நாவல்தானே (படங்களோடு படித்துக்கொண்டே, நடுநடுவே நம் தேர்வால் கதையை மாற்றுகிற விளையாட்டு), ஒரே ராத்திரியில் எல்லா அச்சீவ்மென்ட்டையும் (விளையாட்டு தருகிற சாதனைப் பதக்கம்) அள்ளிவிடலாம் என்று உட்காருகிறோம். உட்கார்ந்ததுமே வாக்த்ரூவை, அதாவது எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்று சொல்லும் வழிகாட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். முதல் தவறு அதுதான். நானும் அப்படி ஒன்றை நூறு சதவீதம் முடித்தேன். மறுநாள் நாயகியின் பெயர்கூட ஞாபகம் இல்லை. முதல் தடவை மனசுக்குத் தோன்றியதைத் தேர்ந்தெடுத்து, வருகிற முடிவைப் பாருங்கள். விளையாட்டு வாங்குகிற ஸ்டீம் தளத்தில் அச்சீவ்மென்ட் பட்டியலையும் அதற்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். மறைத்து வைக்காத பட்டியல் என்றால், யார் சாகப்போகிறார்கள் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிடும்.

அப்புறம் சேவ், அதாவது ஆடிய இடத்தைச் சேமித்து வைப்பது. அதிகம் பேர் அழுவது இதனால்தான். ஒரே சேவின் மேல் திரும்பத் திரும்ப எழுதினால், மூன்றாவது தேர்வில் பிரிகிற ரூட்டுக்காக (கதைக் கிளை) ஆரம்பத்திலிருந்து வர வேண்டியிருக்கும். தேர்வுகள் திரையில் நிற்கும்போதே, ஒவ்வொன்றுக்கும் தனி இடத்தில் சேவ் செய்யுங்கள். ரென்பை என்ற விஷுவல் நாவல் உருவாக்கும் மென்பொருளில் செய்த விளையாட்டுகளில் மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டினால் கதை பின்னால் போகும் என்பது உண்மை. ஆனால் அந்த வசதியை எழுத்தாளர் நிறுத்தி வைக்கவும் முடியும், அதனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

சேவ்களை நம்பியும் ஏமாறலாம். 2017-இல் வந்த ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ இதற்கு நல்ல உதாரணம் (கொஞ்சம் ஸ்பாய்லர், கதை ரகசியம் உடையும்; விளையாடாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவவும்). அதன் சிறப்பு முடிவு வேண்டுமென்றால், முதல் பகுதி முடிவதற்குள்ளேயே சேவ் செய்து, பின்னால் போய், மூன்று பெண்களின் தனிக் காட்சிகளையும் பார்த்திருக்க வேண்டும். ‘முடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் நடக்காது, முதல் பகுதியின் முடிவில் விளையாட்டே உங்கள் சேவ்களை அழித்துவிடும். இப்படிப்பட்ட விளையாட்டில் மட்டும், ஒரு முடிவு பார்த்தபின் வாக்த்ரூ எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாம் சுற்றில் ஸ்கிப் (வரிகளை வேகமாகத் தாண்டுவது) கைகொடுக்கும். ரென்பையில் கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தாலோ டேப் தட்டினாலோ ஓடும். படிக்காத வரிகளையும் ஸ்கிப் செய்கிற அமைப்பை ஆன் செய்துவிடாதீர்கள். அது ஆஃப் ஆக இருந்தால் புதிய வரி வந்ததும் ஸ்கிப் தானாக நின்றுவிடும்; உங்கள் தேர்வு கதையை எங்கே மாற்றியது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆன் செய்தால் புது ரூட்டே கண்ணெதிரில் பறந்துபோய்விடும்.

அச்சீவ்மென்ட் எண்ணிக்கைக்காக வாங்குகிறவர்கள் ஸ்டீமின் கடைப் பக்கத்தைக் கொஞ்சம் கீழே உருட்டிப் பாருங்கள். ‘ப்ரொஃபைல் ஃபீச்சர்ஸ் லிமிடெட்’ என்று இருந்தால் அந்த அச்சீவ்மென்ட்கள் உங்கள் மொத்தக் கணக்கில் சேராது. ஆயிரக்கணக்கில் அச்சீவ்மென்ட் கொட்டிய குப்பை விளையாட்டுகளுக்குப் போட்ட கடிவாளம் இது. நல்ல குட்டிக் கதைகளும் இதில் மாட்டுகின்றன. வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதை நம்பி முழுசாகப் படித்து முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது என் கணக்கில் திருட்டுதான்.

இன்னொன்று. ரென்பை விளையாட்டின் நடுவில் ஒரு ரோபோக் குரல் வரிகளை வாசிக்கத் தொடங்கினால் பதற வேண்டாம். கை தவறி ‘வி’ விசையைத் தட்டியிருப்பீர்கள். அதையே இன்னொரு முறை தட்டுங்கள், நின்றுவிடும்.