இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நெஞ்சுவலியும் சி.டி. ஸ்கேனும்

சென்னையில் பணம் கட்டினால் மறுநாளே ஸ்கேன் எடுத்துவிடலாம். இங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் அது நடக்காது. முதலில் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பார்ப்பார், அவர் நெஞ்சுவலி கிளினிக்குக்கு அனுப்புவார், இதய ரத்தக்குழாய்களுக்கு சி.டி. தேவையா என்று அங்கேதான் முடிவாகும். அதனால் வந்ததுமே ஜி.பி.யிடம் பதிந்துவிடுங்கள். முகவரிச் சான்று இல்லையே என்று தயங்க வேண்டாம், விதிப்படி அது கட்டாயமில்லை.

இதெல்லாம் படியேறினால் வந்து, உட்கார்ந்தால் விட்டுவிடும் வலிக்கு. சும்மா இருக்கும்போதே நெஞ்சை அழுத்தி, வியர்த்து, மூச்சு வாங்கினால் உடனே ஆம்புலன்ஸுக்கு 999. வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

"ஆஞ்சியோ பண்ணாமல் வெறும் ஸ்கேனா?" என்று ஊரிலிருந்து போனில் கேட்பார்கள். 2016 முதல் இங்கே ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி) சந்தேகத்துக்குப் பெரும்பாலும் முதல் பரிசோதனையே இதுதான். கை அல்லது தொடை வழியே மெல்லிய டியூப் விட்டு எடுக்கும் வழக்கமான ஆஞ்சியோ குழாய்க்குள் ரத்தம் ஓடும் வழியைக் காட்டும், சி.டி. குழாயின் சுவரில் படிந்த கொழுப்பையும் காட்டும். ஸ்காட்லாந்தில் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இந்த ஸ்கேனும் சேர்த்து எடுத்தவர்களில் 5 ஆண்டுகளில் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தவர்கள் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. ஸ்கேன் நோயைக் குணப்படுத்தாதுதான். ஆனால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை யாருக்கு வேண்டும் என்பது அதில் தெளிவாகிவிடுகிறது. சொல்லப்போனால், நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக சி.டி. எடுத்ததே 1971இல், நம் ஆட்கள் நிறைந்த டூட்டிங்குக்குப் பக்கத்திலுள்ள விம்பிள்டனில்தான்.

துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தைப் படமெடுப்பதுதான் சிரமம். துடிப்பு நிமிடத்துக்கு 60 அளவுக்கு இறங்கினால் படம் தெளிவாக வரும். அதற்கு பீட்டா பிளாக்கர் என்ற மருந்து கொடுப்பார்கள். காபி, டீ, கோலா எப்போதிலிருந்து கூடாது என்று மருத்துவமனைக் கடிதத்தில் இருக்கும். ஃபில்டர் காபிக்காரர்களுக்குக் கஷ்டம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை, முன்பு படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் ஸ்கேன் மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். முக்கியமாக வயாகரா வகை மாத்திரை. ஸ்கேனுக்கு முன் குழாய் விரிய நாக்கின் கீழ் அடிக்கும் நைட்ரேட் ஸ்ப்ரேயோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மகளையோ மருமகனையோ மொழிபெயர்க்கக் கூட்டிப்போனால் இதை எப்படிச் சொல்வீர்கள்? தேதி குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

ஸ்கேன் மேசையில் இருக்கும் நேரம் சில நிமிடம்தான். கையில் ஊசி வழியே மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகி, சிறுநீர் போய்விட்டதுபோல இருக்கும். போயிருக்காது, பயப்படாதீர்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் அசையாமல் பிடியுங்கள்.

முடிவில் கால்சியம் ஸ்கோர் (குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பின் அளவு) 0 என்று வந்தால் நல்ல சேதி. ஆனாலும் சுண்ணாம்பு ஏறாத கொழுப்பு இருக்கலாம், அறிக்கை முழுவதையும் ஜி.பி.யிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய அடைப்பு தெரிந்தால் அப்புறம் ஊரில் கேட்ட அந்த ஆஞ்சியோவுக்குக் கூப்பிடுவார்கள்.